எல்லைப்புறத்தில் ஆராய்ச்சி: அறுவடை யார் களத்துக்கு?

கோயம்புத்தூரிலிருந்து புறப்படும் ரயில் வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டை நெருங்கும்போது, வலப்புற ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மலம்புழா மலைத்தொடர் கூடவே ஓடிவருவது தெரியும். அந்த மலையடிவாரத்தில் ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்தில் அமைந்திருக்கிறது பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம். பெயரை முழுதாகச் சொன்னால் பலருக்கும் விளங்காது, ஐ.ஐ.டி. என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார்.

2014 ஜூலை மாதம் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஐந்து புதிய ஐ.ஐ.டி.களில் இது ஒன்று. 2015-ஆம் ஆண்டு வகுப்புகள் தொடங்கியபோது சொந்தமாக ஒரு கூரைகூட இல்லை. கோழிப்பாறையில் ஒரு தனியார் கல்வி வளாகத்தில்தான் வாடகைக்குக் குடியிருந்தது. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று நான்கே பிரிவுகள், 120 மாணவர்கள். கைப்பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த மூத்த நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.

கோழிப்பாறை எங்கே இருக்கிறதென்று இந்தப் பகுதி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் பக்கத்து ஊர். சந்தையில் தமிழ், வயலில் தமிழ், வீட்டுத் திண்ணையில் தமிழ். கேரளத்தின் முதல் ஐ.ஐ.டி. பிறந்து தவழ்ந்தது இந்த மண்ணில்தான். இன்று அங்கே பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல், கம்ப்யூட்டர் என்று எல்லாத் துறைகளிலும் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சியின் மகசூல் சுற்றுவட்டாரத்துக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி.

கட்டுரைக் கணக்கு

உழவர் தம் மகசூலை மூட்டைக் கணக்கில் சொல்வார். பல்கலைக்கழகங்கள் சொல்வது கட்டுரைக் கணக்கு. ஒரு விஞ்ஞானி தம் பரிசோதனையின் முடிவை எழுதி ஏதாவது ஒரு சர்வதேச ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் அதைப் படித்துக் குற்றம் குறை பார்க்கிறார்கள். தேறினால் பிரசுரமாகிறது. பிறகு உலகின் வேறொரு மூலையில் இருப்பவர் தம் கட்டுரையில் அதை மேற்கோளாகக் காட்டினால், அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. இத்தனை கட்டுரை, இத்தனை மேற்கோள், இத்தனை காப்புரிமை என்று கூட்டித்தான் தர வரிசைப் பட்டியல்கள் தயாராகின்றன.

இந்தக் கணக்கைப் பழிப்பதற்கில்லை. சக விஞ்ஞானிகளின் கண்ணில் படாத ஆராய்ச்சியில் கோளாறு இருந்தால் எப்படித் தெரியும்? ஆனால் இது அரைக் கணக்கு. வயலில் விளைந்தது தாளில் ஏறுகிறது. தாளில் விளைந்தது வயலுக்கு இறங்கியதா என்று கேட்கும் பத்தி அந்தப் பட்டியல்களில் மிகவும் சிறியது.

ஐ.ஐ.டி. மட்டுமல்ல. கேரளத்துக்கென்று 2014-ல் ஒரு தனித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரைத் தாங்கியிருக்கும் அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில். பாலக்காட்டு என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி, ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுப் பொறியியல் கல்லூரி, இடுக்கி பைனாவில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரி, மூணாறு பொறியியல் கல்லூரி எல்லாம் அதன் குடைக்கீழ். ஆகவே இரண்டு எல்லை மாவட்டங்களிலும் பொறியியல் படிப்புக்குப் பஞ்சமில்லை.

சிறுநீரில் எரியும் விளக்கு

பாலக்காடு ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிகளில் ஊர்வாயில் புகுந்த ஒன்று உண்டு. 2024-ன் தொடக்கத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. மனிதச் சிறுநீரிலிருந்து மின்சாரமும் உரமும் எடுக்கும் சாதனம். கேட்டவுடன் சிரிப்பு வரலாம். கேலிச் சித்திரக்காரர்களுக்கு நல்ல விருந்துதான். ஆனால் விஷயம் சிரித்துத் தள்ளக்கூடியதல்ல.

வேலை செய்யும் விதம் இதுதான். கழிவுநீரோடு கலக்காமல் தனியாகச் சேகரித்த சிறுநீரைச் சிறிய பெட்டிகளில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பக்கம் மக்னீசியத் தகடு. மறுபக்கம் காற்றுப் படும் கரித் தகடு. மக்னீசியம் மெல்லக் கரையும்போது மின்னோட்டம் பிறக்கிறது. கரைந்த மக்னீசியம் சிறுநீரில் இருக்கும் பாஸ்பேட்டையும் அம்மோனியாவையும் பிடித்துக்கொண்டு உப்பாகப் படிகிறது. அந்த உப்பு செடிகளுக்கு நல்ல உரம். ஐந்து லிட்டர் சிறுநீரில் கிடைப்பது சுமார் 500 மில்லிவாட் மின்திறன், 7 முதல் 12 வோல்ட் வரை மின்னழுத்தம். ஒரு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை எரிக்கலாம். சினிமா தியேட்டர், கடைத்தொகுதி போன்ற கூட்டமான இடங்களில் பொருத்துவது நோக்கம். மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் நிதியில் நடந்த வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மின்சாரம் முழுவதும் சிறுநீர் தந்த கொடையல்ல. கரைந்துபோகும் மக்னீசியத் தகடும் அதற்கு விலை கொடுக்கிறது. தகடு தீர்ந்தால் புதிது போட வேண்டும். ஆகவே இதைப் பவர் ஹவுஸ் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் உண்மையான லாபம் உரத்தில் இருக்கிறது. பாஸ்பேட் உரத்துக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருக்கிறது. அதே பாஸ்பேட் நகரங்களில் தினமும் சாக்கடையில் ஓடி, ஏரி குளங்களில் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. கொழிஞ்சாம்பாறையில் யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் சொசைட்டி வாசலில் நிற்கிறவர்களுக்கு, இந்த ஆராய்ச்சியில் எந்தப் பாதி தங்களுக்கு உதவும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்து வரை போன சேறு

பக்கத்திலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருப்பதன் அருமை பெருமாட்டி பஞ்சாயத்துக்காரர்களுக்குத் தெரியும். 2000-ல் பிளாச்சிமடாவில் கோகோ கோலா குளிர்பான ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சில மாதங்களிலேயே சுற்றியுள்ள கிணறுகளில் நீர் இறங்கிவிட்டது, இருக்கும் நீரும் சமையலுக்கு ஆகவில்லை என்று புகார் கிளம்பியது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் தொடங்கிய போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் இரவாளர், மலசர் போன்ற ஆதிவாசிகள். அவர்களுள் மயிலம்மாவின் பெயரை உலகமே அறிந்தது. 2007-ல் அவர் காலமானார்.

தண்ணீர்ச் சண்டைக்கு நடுவே இன்னொரு விஷயமும் இருந்தது. ஆலையில் மிஞ்சிய சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். வாழைக்கும் தென்னைக்கும் போட்டார்கள். அதில் என்ன இருந்தது? 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அந்தச் சேற்றை எடுத்துப்போய் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை செய்தது. காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பதாக முடிவு வந்தது. சேற்றால் தீங்கில்லை என்பது நிறுவனத்தின் வாதம். பிறகு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதித்துக் காட்மியம் இருப்பதைக் கண்டது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது, மீண்டும் திறக்கவில்லை.

பெருமாட்டித் தோட்டத்து மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்ற செய்தி கடல் கடந்து போய்த் திரும்பிவந்து, அதன் பிறகுதான் திருவனந்தபுரத்தின் காதில் விழுந்தது. சேற்றை அள்ளிப் போட்டவருக்கு அது முன்பே தெரிந்திருந்தால் ஒரு கூடைகூட வாங்கியிருக்க மாட்டார்.

மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு விவசாயம், குடிநீர், சுகாதாரம், கூலி இழப்பு என்று ஒவ்வொன்றாக மதிப்பிட்டு மொத்தச் சேதம் 216.26 கோடி ரூபாய் என்று 2010-ல் சொன்னது. நட்டஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பல துறை நிபுணர்கள் கூடி எழுதிய அந்த அறிக்கையையும் ஓர் ஆராய்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பயனை மட்டும் இன்னும் பிளாச்சிமடா பார்க்கவில்லை.

பட்டாம்பி நெல் போன தூரம்

எல்லை தாண்டிப் பயணம் செய்த ஆராய்ச்சிக்கு நேர்மாறான உதாரணமும் இதே பாலக்காட்டில் உண்டு. மேற்கே பாரதப்புழைக் கரையில் பட்டாம்பி. மலபார் சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில், 1927-ல், அங்கே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்போது கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சிக்குப் பதினைந்து வயது. பட்டாம்பி விஞ்ஞானிகள் முதலில் செய்தது மிகவும் எளிய வேலை. விவசாயிகளின் வயல்களில் ஏற்கெனவே இருந்த நாட்டு ரகங்களைச் சேகரித்து, நல்ல கதிர்களைப் பொறுக்கி, பி.டி.பி. 1, பி.டி.பி. 2 என்று எண் போட்டு வைத்தார்கள். பி.டி.பி. என்பது பட்டாம்பியின் சுருக்கம். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை போலத் தோன்றும்.

நாற்பது ஆண்டு கழித்துப் பசுமைப் புரட்சி வந்தது. குட்டை ரகங்கள் அமோகமாக விளைந்தன. கூடவே புகையான் வந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, நெருப்புப் பட்டதுபோல வயலைத் திட்டுத்திட்டாகக் கருக்கிவிடும் அந்தப் பூச்சி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தொடங்கி ஆசியா முழுவதும் பயிரைத் தின்றது. பூச்சியைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்தபோது கைகொடுத்தவற்றுள் பட்டாம்பியின் பழைய எண்களும் இருந்தன. பி.டி.பி. 33 இன்றளவும் புகையான் சோதனைகளில் 'தாங்கும் ரகம்' எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாக உலகெங்கும் பயன்படுகிறது. பி.டி.பி. 18, பி.டி.பி. 21 இரண்டும் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகப் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், குர்தேவ் சிங் குஷ் உருவாக்கிய ஐ.ஆர். 36 ரகத்தின் மூதாதையராயின. 1976-ல் வெளிவந்த ஐ.ஆர். 36, 1980-களில் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிரானது. அதுவரை எந்தப் பயிரிலும் ஒரே ரகம் அவ்வளவு நிலத்தில் விதைக்கப்பட்டதில்லை.

பாலக்காட்டு வயலில் யாரோ ஓர் உழவர் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த விதை, இந்தோனேசியாவின் பசியைத் தணித்தது. அந்த உழவரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. மேற்கோள் கணக்கில் அவருக்கு மதிப்பெண் கிடையாது.

பட்டாம்பி உள்ளூரையும் மறந்துவிடவில்லை. பி.டி.பி. 10-ஐயும் ஐ.ஆர். 8-ஐயும் கலந்து 1974-ல் அது வெளியிட்ட 'ஜோதி' சிவப்பரிசி ரகம், ஐம்பது ஆண்டு கடந்தும் பாலக்காட்டு வயல்களில் நிற்கிறது. சித்தூர்ப் பக்கம் இன்றும் 'ஜோதி போட்டிருக்கேன்' என்று சொல்பவர்கள் ஏராளம். இந்த நிலையம் 1972 முதல் கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் தெரியாமல் அதன் விதையின் பெயர் மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தால் அதைவிடப் பெரிய சான்றிதழ் எதற்கு?

மயில் ஆடும் பாறை, பாம்பு ஆடும் பாறை

ஆனைமலைத் தொடரின் ஒரு முனை பாலக்காட்டுப் பரம்பிக்குளம் என்றால், மறுமுனை இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் அங்கே போய்ச் சேரலாம். அதற்கும் தெற்கே, போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலே விரிந்து கிடப்பது உடும்பஞ்சோலை ஏலமலை. தோட்ட முதலாளிகளில் மலையாளிகளும் தமிழர்களும் உண்டு. கூலி வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிவருவது தேனி மாவட்டத்துப் பெண்கள்.

இங்கே இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. ஒன்று, 1956-ல் தொடங்கி இப்போது விவசாயப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று 1978-ல் மயிலாடும்பாறையில் அமைந்த இந்திய ஏல ஆராய்ச்சிக் கழகம். வாசனைப் பொருள் வாரியத்தைச் சேர்ந்தது. மயில் ஆடிய பாறைக்கும் பாம்பு ஆடிய பாறைக்கும் தமிழ் தெரிந்தவர்களுக்கு உரை வேண்டாம். மலையாளம் தெரிந்தவர்களுக்கும் வேண்டாம்.

இரண்டு நிலையங்களும் பல ரகங்களை வெளியிட்டன. ஆனால் ஏலமலையின் தலையெழுத்தை மாற்றிய ரகம் இரண்டிலிருந்தும் வரவில்லை. கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தம் தோட்டத்தில் கண்டெடுத்த 'ஞள்ளானி' அது. காய் பெரிது, பச்சை நிறம் எடுப்பு, விளைச்சல் அபாரம். விதை போட்டு நாற்று வளர்க்காமல், நல்ல தூரிலிருந்து தட்டை பிரித்து நட்டுப் பெருக்கினார். அதனால் தாயின் குணம் மாறாமல் பிள்ளைக்கு வந்தது. ஹெக்டேருக்கு நூறு, இருநூறு கிலோ எடுத்துக்கொண்டிருந்த மலையில் 1,500 கிலோ வரை எடுக்கலாம் என்று அது காட்டியது. 1990-களில் ஞள்ளானி மலை முழுவதும் பரவியது. அரசாங்கத்தின் ஆராய்ச்சி மகசூலில் இது சேராது. ஆனால் ஆராய்ச்சி இல்லை என்று யார் சொல்வார்கள்? கண்டுபிடிப்பாளருக்குப் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக நிலையங்கள் வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தனி விவசாயியால் முடியாத வேலை ஒன்று உண்டு: பொறுமையாக எழுதி வைப்பது. ஏலமலையில் 1978 முதல் 2007 வரை பதிவான வெப்பம், மழைக் குறிப்புகளையும் பயிர் விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2012-ல் வெளிவந்தது. மலை சூடாகி வருகிறது என்று அது கணக்குப்போட்டுச் சொன்னது. தோட்டக்காரர்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 கோடையில் பெரிய தோட்டம், சிறிய தோட்டம் என்ற பேதமில்லாமல் ஏலத்தட்டைகள் நின்ற நிலையிலேயே காய்ந்தபோது, அந்தக் கணக்கின் அர்த்தம் புரிந்திருக்கும்.

மருந்தடிக்கும் விஷயமும் இப்படித்தான். பருவத்தில் பதினைந்து, இருபது நாளுக்கு ஒரு முறை தெளிப்பது வழக்கமாகிவிட்டது. பூச்சிமருந்து எச்சம் இருந்ததால் சவூதி அரேபியா இந்திய ஏலத்தைத் தடுத்தபோது எச்சத்தை அளக்கும் கருவிகளுக்கு மதிப்புக் கூடியது. காயில் எவ்வளவு எச்சம் என்று அளக்கிறார்கள், அது நியாயம்தான். தெளிக்கிறவரின் உடம்பில் எவ்வளவு என்று அளப்பதற்கு அதே அக்கறை காட்டப்படுகிறதா? ஏற்றுமதிக்குப் போகாத சரக்கு அது.

மண்ணுக்குள் வைத்த காது

துறை பேதம் பார்க்காத ஆராய்ச்சிக்கு மூணாறு நகரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அந்தோனியார் காலனியில் 2005 ஜூலையில் மண் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. வாளையாற்றுக்குக் கிழக்கே எட்டிமடையில் தலைமையகம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கொல்லம் வளாக விஞ்ஞானிகள், மனீஷா ரமேஷ் தலைமையில், அந்தச் சரிவிலேயே கருவிகளைப் புதைத்தார்கள்.

மலை சும்மா சரிவதில்லை. விடாமல் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளை நிரப்புகிறது. நிரம்ப நிரம்ப உள்ளே நீரின் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு முழுச் சரிவும் கீழே வருகிறது. ஆகவே மழையை மட்டும் அளந்தால் போதாது. நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு எல்லாவற்றையும் மண்ணுக்குள் பல ஆழங்களில் அளக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உணர்கருவிகளைக் கம்பியில்லா முறையில் இணைத்து, செய்தியைக் கொல்லத்துக்கு அனுப்பினார்கள். மண்ணியல், மின்னணுவியல், கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றாகக் கைகோத்தால்தான் இது முடியும். 2009 ஜூலைப் பெருமழையில் நீரழுத்தம் ஏறுவதைக் கண்டு முதல் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த முறை சரிவு நேரவில்லை; மக்கள் எச்சரிக்கையோடு இருந்தார்கள். வீண் எச்சரிக்கை என்று பேச இடமுண்டு. ஆனால் காவல்காரன் குரல் கொடுத்த இரவில் திருடன் வரவில்லை என்பதற்காகக் காவல்காரனை யாரும் நிறுத்திவிடுவதில்லை.

கருவி இருந்தது ஒரே ஒரு சரிவில். மூணாற்றைச் சுற்றி அப்படி எத்தனையோ சரிவுகள்.

2020 ஆகஸ்டு 6. ராஜமலைக்கு அப்பால், இடமலைக்குடி போகும் வழியில் பெட்டிமுடி. இரவு பத்தரை மணிக்கு மேல் மலை பிளந்து, தேயிலைத் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் வந்து விழுந்தது. இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் சேர்ந்து 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு பக்கமிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் மலையேறியவர்களின் வாரிசுகள். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. பெரியவாரைப் பாலமும் போயிருந்தது. வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்.

அதன் பிறகு பெட்டிமுடியைப் பற்றிப் பல ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. மழை எவ்வளவு, சரிவின் கோணம் என்ன, எவ்வளவு மண் நகர்ந்தது என்றெல்லாம் துல்லியமாக எழுதினார்கள். தேவையான கட்டுரைகள்தான், அடுத்த சரிவைக் கணிக்க அவை உதவும். 2024 ஜூலையில் இந்திய மண்ணியல் ஆய்வுத்துறை கல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் திறந்தபோது, அன்றாட அறிக்கை முதலில் தொடங்கியது டார்ஜிலிங், களிம்போங், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு. நீலகிரிக்கு வந்தது நல்லதே. இடுக்கி அந்த முதல் மூன்றில் இல்லை.

முன்னறிவிப்பு வந்தாலும் இன்னொரு படி மிச்சமிருக்கிறது. தேயிலை எஸ்டேட்டுகளில் மழையளவு குறித்துவைப்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்து உள்ள பழக்கம். ஆபீஸ் நோட்டில் இருக்கும் அந்த எண்ணுக்கும், லயத்தில் குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கும் நடுவே ஒரு மணி ஒலிக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அறிவிப்பை, 'இந்த ராத்திரி ஸ்கூலுக்குப் போய்ப் படுங்கள்' என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். இதற்கு ஐ.ஐ.டி. வேண்டியதில்லை என்று தோன்றலாம். எந்த அளவு மழைக்கு எந்த லயம் காலியாக வேண்டும் என்று கணக்குப்போட்டுச் சொல்வதற்கு நிச்சயம் வேண்டும்.

கோழிப்பாறையில் காத்திருப்பது

2025 மே மாதம் மத்திய மந்திரிசபை பாலக்காடு, திருப்பதி, பிலாய், ஜம்மு, தார்வாட் ஐ.ஐ.டி.களை விரிவாக்க நான்கு ஆண்டுகளுக்கு 11,828.79 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஐந்துக்கும் சேர்த்து 130 புதிய பேராசிரியர் பதவிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆராய்ச்சிப் பூங்கா. பாலக்காட்டில் 'பிணைந்து இயங்கும் அறிவார்ந்த சாதனங்கள்' பற்றிய தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஏற்கெனவே இயங்கிவருகிறது. ஆகவே பணத்துக்கும் மூளைக்கும் தட்டுப்பாடு இருக்காது.

சோதனைக்கு எடுத்துக்கொள்ள விஷயத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். எருத்தேம்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளில் கேரளத்தின் மற்ற இடங்களில் காணாத கரிசல் மண் இருக்கிறது; பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த பூமி. மழை குறைவு. தென்மேற்குப் பருவமழை மேற்கே கொட்டிவிட்டு இந்தப் பக்கம் தூறலோடு நிறுத்திக்கொள்கிறது. சித்தூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் புளோரைடு. பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்பாட்டின்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூருக்கு வர வேண்டும். 1970-ல் கையெழுத்தான அந்த உடன்பாட்டைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மாநிலமும் ஒன்றையொன்று குறை சொல்கின்றன. எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆவியானது, எவ்வளவு கால்வாய்க் கரையில் கசிந்தது என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக அளந்து சொல்லக்கூடிய சாதனம் இல்லாத குறைதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

நீரியல், ரசாயனம், கம்ப்யூட்டர் என்று இதற்கு வேண்டிய எல்லாத் துறைகளும் கஞ்சிக்கோட்டு மலையடிவாரத்தில் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அங்கிருந்து கோழிப்பாறைக்குப் போய்வர ஒரு காலை நேரம் போதும். அந்த ஊரில் முதல் நான்கு வகுப்புகளும் நடந்தபோது வெளியே பெட்டிக்கடையில் டீ ஆற்றிக்கொடுத்தவர்களுக்கு, தங்கள் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்ற எண் ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி வந்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.